சுவரோர மருதாணி

ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குச் செடி வளர்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிரோடுதான் நான் தூத்துக்குடிக்கு வந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை, கல்யாணமாகி மூன்று மாதம். ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்கள் கொல்லையை ஒட்டியே வாய்க்கால் ஓடும். இங்கே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு குடம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மணல் கிடந்தது. அதைத் தோட்டமாக்க வேண்டும், ஆனால் காசு போட்டு எதுவும் வாங்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். உடைந்த ஓடுகளைப் பதித்துப் பாத்திகளுக்கு வரப்பு கட்டினேன். நடைபாதைக்குச் சிப்பி ஓடுகள். உட்கார ஒரு பழைய வள்ளத்துப் பலகை. விரிசல் விட்ட பானைகளின் அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகிப் புதைத்தேன். அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். கற்றாழை, நித்தியகல்யாணி, மதில் ஓரமாக ஒரு மருதாணி. எல்லாம் தண்ணீருக்கு அழாத செடிகள்.

மருதாணிக் குச்சி கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. கடலோரத் தருவைகுளத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கணக்கர். மண் காயாமல் மூடி வைக்க, கழித்துப் போட்ட சாக்குகளை வாரம் இரண்டு கொண்டுவருவார். "நல்லா உதறிட்டேன் ளா, தூசியே இல்ல" என்று பெருமையாகச் சொல்லுவார். நானும் அரிசித் தண்ணீரில் நனைத்து, ஒரு இடம் விடாமல் விரித்தேன்.

பதினைந்தே நாளில் துளிர்களின் ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றினேன், இன்னும் கருகியது. அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்தினேன், வாடியது. கடலில் கிடந்த சாமான் ஆகாதோ என்று சிப்பிகளை வாரி வெளியே எறிந்தேன். பலகையைத் தூக்கித் தெருவில் போட்டேன். சுடுகாட்டில்கூடத் தானாகப் பூக்கிற நித்தியகல்யாணி என் கையில் சாகிறதே என்று அழுகை வந்தது. மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. அந்த ஊரில் சுவரே உப்புப் பூக்கும் என்பதால் அதையும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு காலையில் பின்கதவைத் திறந்தேன். மதிலுக்கு மேலே அக்காவின் கை. கையில் செம்பு. என் பாத்தியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். "மீன் கழுவுன தண்ணிய ஊத்தியா என் செடியக் கொல்லுதீங்க? ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் செம்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். "சரி ளா, இனிமே ஊத்தல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மதில் பக்கமே அவள் வரவில்லை.

எதிரியைப் பிடித்தாயிற்று, இனி செடி பிழைக்கும் என்று காத்திருந்தேன். பத்தே நாளில் மருதாணியும் கருக ஆரம்பித்தது. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவள்தான் ஊற்றவில்லையே!

அந்த வாரம் வந்த புதுச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். புறங்கையால் வாயைத் துடைத்தேன். கரித்தது. வேர்வை இப்படிக் கரிக்காது. சாக்கின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உதறினால் தூசி போகும், சணலுக்குள் ஊறிய உப்பு எங்கே போகும்? அரிசி கழுவிய ஒவ்வொரு சொட்டையும் சேர்த்து வைத்து, நானே என் செடிகளுக்கு உப்புக் கரைத்து ஊட்டியிருக்கிறேன்.

சாக்குகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன தண்ணிக்கா?"

"குடிக்கிற தண்ணிதான். இங்கன ஒருத்திக்கு எதுக்கு நாலு குடம்? ஒன் கை செவந்து பாக்கணும்னு ஆசையா இருந்திச்சு. தெனமும் ஒரு செம்பு ஊத்துனேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"நீ எங்க ளா கேட்ட?" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

 பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொண்டோம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் அவளைத் திட்டிய அந்தக் காலையில், தோட்டம் முழுக்கக் கருகிக் கிடந்தபோது, அவள் தண்ணீர் விழுந்த அந்த மருதாணி மூலை மட்டும் பச்சையாக இருந்தது. நான் அதற்கு நேர் முன்னால்தான் நின்று கத்தினேன்.