பள்ளிக்கூடத்துக்கு விட்ட வளைப்பு

இந்நிகழ்ச்சி எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வருகிறது. சித்தப்பா சொல்லும்போது அன்று கரையேறிய நெத்தலிமீன் குவியல் பள்ளிக்கூடக் கூரையை எட்டிவிடுகிறது. அம்மா சொல்லும்போது தலைமையாசிரியையான எங்கள் அதிபர் மயங்கி விழுகிறார். ஆதலால் எழுத உட்காருமுன் அவ்விருவரையும் தனித்தனியே கேட்டேன். ஓய்வுபெற்றுத் திருகோணமலை நகரில் வாழும் அந்த அதிபரையும், என் வகுப்புத் தோழி நிரோசாவையும் தொலைபேசியிற் கேட்டேன். இவர்களுள் இருவரேனும் ஒத்துச் சொன்னவற்றையும், நானே கண்டு இன்றும் ஐயமின்றி நினைவில் வைத்திருப்பவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். காகமொன்று அதிபரின் செருப்பைத் தூக்கிச் சென்றது என்பது சித்தப்பா ஒருவரின் சாட்சியம், அதை விட்டுவிட்டேன். இவ்வளவு கண்டிப்பு எதற்கெனின், இது என் அப்பாவின் நியாயம் ஒன்றைப் பற்றிய செய்தி. அழகுக்காக ஒரு சொல்லைக் கூட்டினாலும் அது அவரை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும். அவர் அவ்விரண்டையும் விரும்பாதவர்.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் நிலாவெளிக்கு வடக்கே, கடலுக்கும் பெருந்தெருவுக்கும் இடையில் இருந்தது. போர் ஓய்ந்து, கடற்றொழில் மறுபடியும் தடையின்றி நடக்கத் தொடங்கியிருந்த காலம். வகுப்பிற் பெரும்பாலோர் கரைவலை இழுப்போரின் பிள்ளைகள். என் அப்பா மட்டும் நகரத்துத் துறைமுகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார். இது ஊரில் எங்களுக்கு ஒரு மதிப்பையும், அதே அளவுக்கு ஒரு சந்தேகத்தையும் தேடித் தந்திருந்தது.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிற் பரீட்சை உண்டு. சித்தியடைந்தால் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும்; வசதி குறைந்த குடும்பமாயின் மாதந்தோறும் உதவிப்பணமும் கிடைக்கும். அதற்கு மாதிரி வினாத்தாள்களைச் செய்து செய்து பழக வேண்டும். பாடப்புத்தகத்தை அரசாங்கம் தந்தது. வெள்ளைச் சீருடைத் துணியையும் அதுவே தந்தது. கொப்பியும் பென்சிலும் பெற்றோரின் பொறுப்பு. மாதிரி வினாத்தாளைப் பிரதியெடுப்பதற்கான தாளை மட்டும் எவரும் தம்முடைய பொறுப்பென்று ஏற்றுக்கொள்ளவில்லை.

அதிபர் நகரத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவர். எங்கள் வகுப்புக்குப் பாடமும் அவரே எடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் அவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டு வெள்ளைத் தாள் கொண்டுவந்து தரும்படி கேட்டார். அப்பா எழுந்தார்.

"ரீச்சர், படிப்பு இலவசம் எண்டுதானே சொல்லுறது? புத்தகத்தைத் தந்திட்டுச் சோதினைத்தாளுக்கு மட்டும் எங்கட கையைப் பாத்தா எப்பிடி? பள்ளிக்கூடம் கேக்கிற இடத்திலையெல்லோ கேக்கவேணும்?"

"கேக்காமலோ இருக்கிறன், தம்பி? எழுதி எழுதி என்ர கை ஓய்ஞ்சுபோச்சு. மேலிடத்திலயிருந்து தாள் வந்து சேரேக்க இந்தப் பிள்ளையள் எட்டாம் வகுப்பில இருக்குங்கள். சோதினை எங்களுக்காக நிக்குமோ?"

பின்னாலிருந்து ஒரு குரல், "சம்பளக்காரரே இப்பிடிக் கதைச்சா, கயிறு இழுக்கிற நாங்க எங்க போறது?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவர் சொன்னதும் சரி, மறுத்தவர் சொன்னதும் சரி. ஆகையாற் கூட்டம் எதையும் தீர்மானிக்காமற் கலைந்தது.

தாள் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு அச்சிட்ட வினாத்தாள் கிடைத்தது. கொண்டுவராத நாங்கள் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. பலகை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று அதிபர் எங்களை முன்வாங்கிலே இருத்தினார். இரக்கத்தினாற் செய்த ஏற்பாடுதான். எனினும் முன்வாங்கில் இருப்பது அவமானமாகிவிட்ட ஒரு வகுப்பை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

முன்வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள் நிரோசா. அவளுக்குத் தந்தை இல்லை. தாய் கரையில் மீன் தரம்பிரித்தும் கருவாடு போட்டும் அவளை வளர்த்தார். வினாக்களையாவது எப்படியோ எழுதிவிடுவோம். உருவங்களைப் பார்த்து அடுத்தது எதுவென்று கண்டுபிடிக்கும் பகுதி வந்தால், உருவங்களை முதலில் வரைந்தாக வேண்டும்.

"உன்ர முக்கோணம் சூடைமீன் மாதிரிக் கிடக்கு," என்பாள் நிரோசா.

"உன்ர வட்டம் மட்டும் என்னவாம்? அவிச்ச முட்டை."

நாங்கள் வரைந்து முடிப்பதற்குள் பின்வாங்குக்காரர் விடையே எழுதி முடித்துவிட்டுக் கால்களை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் அம்மா பொறுத்துப் பார்த்தார். ஒரு மாலை, அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருக்கையிற் கேட்டுவிட்டார்.

"உங்கட நியாயத்தை நீங்க வைச்சிருங்கோ. பிள்ளைக்கு ஒரு கட்டுத் தாள் வாங்க ஏலாத குடும்பமோ நாங்க?"

"வாங்க ஏலும். நான் வாங்கினா எங்கட பிள்ளை நாளைக்குப் பின்வாங்குக்குப் போயிடும். பிறகு முன்னுக்கு ஆர் ஆர் மிஞ்சுகினம் எண்டு பாருமன்."

"ஊர்ப்பிள்ளையளை ஊர் பாக்கட்டும்."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இதிலிருந்து ஒன்று மட்டும் விளங்கியது: என்னைப் பின்வாங்குக்குப் போகவிட அப்பாவுக்கு விருப்பமில்லை.

இந்நிலையிற்றான் சித்தப்பா வழியொன்று கண்டார். அவர் அப்பாவின் தம்பி. எங்கள் கரையில் வலையை எப்போது விடுவது, எந்தப் பக்கம் இழுப்பது என்றெல்லாம் நின்று சொல்லும் தலைவர். வலையைக் கடலில் விட்டு வளைத்துக் கரைக்கு இழுப்பதை நாங்கள் வளைப்பு என்போம். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன் ஒரு வளைப்பைக் கோயிலுக்கென்று விடுவது எங்கள் கரையின் வழக்கம். அதற்கு விதிகள் உண்டு. அன்று இழுப்பவர் கூலி வாங்கமாட்டார். வழக்கமாக எடுத்துச் செல்லும் ஒருபிடி கறிமீனையும் எடுக்கமாட்டார். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்து குவியலின்மேற் கைவைத்த பின்னரே மீன் விற்கப்படும்.

"அண்ணே, நீங்களும் குடுக்கமாட்டியள், ரீச்சரிட்டயும் இல்ல. கடல் குடுக்கட்டும். கோயிலுக்கு ஒரு வளைப்பு விடுறம். பள்ளிக்கூடத்துக்கும் ஒண்டு விட்டா அம்மன் கோவிப்பாவோ?"

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சம்மதித்தார். பெற்றோரே கயிறு இழுப்பதால் பெற்றோர் கொடுத்ததாக அதிபர் எடுத்துக்கொண்டார். கடல் பொதுச் சொத்து, ஆகவே அரசாங்கம் கொடுத்தது போலத்தான் என்று அப்பா எடுத்துக்கொண்டார். இருவரும் தத்தம் நிலையிலிருந்து ஓர் அடியும் இறங்காமல் உடன்பட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா லீவு எடுத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, கயிற்றிலே கைவைத்தார். துறைமுக அலுவலகத்துக்குப் போகத் தொடங்கிய பின் அவர் கயிறு பிடித்ததில்லை.

"இழுங்கோ, சம்பளக்காரர்! கயிறு கையெழுத்துக் கேக்காது!" என்று ஒருவர் கத்தினார். அப்பாவும் சிரித்தார். வலை கரையேறுவதற்குள் அவருடைய உள்ளங்கைகள் கொப்புளித்துவிட்டன.

வலையின் மடி நிறைய நெத்தலி. அவ்வாண்டு அந்தக் கரை கண்ட வளைப்புகளில் அதுவே பெரியது. பெருந்தெருவில் ஐஸ்பெட்டிகளுடன் லொறி நின்றது. வியாபாரி இறங்கி வந்து மீனைப் பார்த்தார், விலையும் பேசினார். அப்போது சித்தப்பா குறுக்கே நின்றார்.

"பொறுங்கோ. உரியவ வந்து கைவைக்காமல் குவியலைத் தொடக்கூடாது."

"ஆர் உரியவ?"

"ரீச்சர்தான். பள்ளிக்கூடத்துக்கு விட்ட வளைப்பெல்லோ?"

"அண்ணே, அவ வந்து சேருறதுக்குள்ள மீனுக்குக் கண் சிவந்திடும். நெத்தலிக்குக் காத்திருக்கத் தெரியாது."

"கோயிலுக்கு ஒரு சட்டம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டமோ?"

கரையில் நின்ற ஒருவர்கூடச் சித்தப்பாவை மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கென்று விட்டதைக் கோயிலுக்கு விட்டதிலும் குறைவாக நடத்த எவருக்கும் மனம் வரவில்லை. அதிபர் வந்த பஸ்ஸோ சாம்பல்தீவுப் பாலத்தடியிற் பழுதாகி நின்றது. அவரிடம் அப்போது கைப்பேசி இல்லை. வியாபாரி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, வடக்கே மற்றக் கரைகளிலும் நெத்தலி ஏறுகிறதென்று கேள்விப்பட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிபர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் மரக்கறி மட்டுமே உண்பவர். மீனை அதற்கு முன் தொட்டதே இல்லை. நடந்ததைக் கேட்டுத் திகைத்தார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, தம்பி."

"அம்மனுக்கும் இண்டைக்குத்தான் நாள், ரீச்சர். அவ ஒண்டும் சொல்லமாட்டா," என்றார் சித்தப்பா.

அதிபர் சேலைக் கொய்யகத்தை ஒதுக்கிக் குனிந்து, ஒரு விரலாற் குவியலைத் தொட்டார்.

"முழுக்கையையும் வையுங்கோ. ஒரு விரல் வைச்சா ஒரு பிள்ளைக்குத்தான் தாள் காணும்."

அவர் கண்களை மூடிக்கொண்டு இரு கைகளையும் மணிக்கட்டுவரை நெத்தலிக்குள் வைத்தார். இதில் மட்டும் நான் கேட்ட நால்வரும் ஒரு சொல்லும் வேறுபடவில்லை.

வாங்க ஆளில்லாத மீனைக் கருவாடாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வேலியடைத்த பெரிய வெளி ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூட முற்றம். பெண்கள் பாய் விரித்து நெத்தலியைப் பரப்பினார்கள். காலைக் கூட்டம் வேப்பமரத்தடிக்கு மாறியது. இடைவேளையில் நாங்கள் கோடு போடும் அடிமட்டங்களுடன் நின்று காகம் விரட்டினோம். அதிபர் கைக்குட்டையை மூக்கிற் பிடித்தபடி, வகுப்புக்கு வகுப்பு நடந்து, கணிதம் கற்பித்தார்.

கருவாடு விற்றுத் தாள் வந்தது. விற்காமல் மிஞ்சிய கருவாட்டுச் சாக்குகள் இருந்த அறையிலேயே தாள்கட்டுகளையும் வைத்ததால், எங்கள் மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் கருவாடு மணத்தன. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் தாளொன்றை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் கேளாமல் வைத்துவிட்டார். எல்லோருக்கும் தாள் இருந்தது. ஆகவே எவரும் எங்கும் இருக்கலாம் என்றாயிற்று. ஆனாற் பரீட்சைக்கு அப்போது சில வாரங்களே எஞ்சியிருந்தன.

பெறுபேறு வந்தது. நிரோசா சித்தியடைந்தாள். நான் சிறிது வித்தியாசத்தில் தவறினேன்.

அன்று மாலை அப்பா நகரத்திலிருந்து மஸ்கற் இனிப்புப் பெட்டியொன்று வாங்கி வந்தார். என்னைத் தேற்றுவதற்கென்று நினைத்தேன். அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே நிரோசா வீட்டுக்குப் போய், பெட்டியை அவள் தாயின் கையிற் கொடுத்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்ததை நான் கேட்டதில்லை. நிரோசாவின் தலையைத் தடவினார். அவள் தாய் அழுதார். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். நான் தின்னவில்லை.

திரும்பும் வழியில் அப்பா சைக்கிளை மெதுவாக்கினார்.

"கோவமோ?" என்றார் அப்பா.

"நான் பாஸ் பண்ணேல்லைத்தானே. பிறகெதுக்குச் சிரிச்சனீங்கள்?"

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ எப்பிடியும் ஆறாம் வகுப்புக்குப் போகத்தான் போறாய்," என்றார்.

என் தோல்வி அவருக்கு ஒரு பொருட்டில்லை என்று நான் அதை விளங்கிக்கொண்டேன். நெடுங்காலம் அப்படியே விளங்கி வைத்திருந்தேன். இதை எழுதுவதற்காகத் தொலைபேசியிற் பேசியபோதுதான் நிரோசா சொன்னாள்: அவள் சித்தியடையாதிருந்தால், அடுத்த ஆண்டு தூரத்து உறவினர் வீட்டுக்குக் கைக்குழந்தை பார்க்க அனுப்புவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அவளுடைய தாயிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நிரோசா இப்போது ஒரு பள்ளிக்கூடத்திற் கற்பிக்கிறாள்.

இது அப்போதே தெரியுமா என்று அப்பாவிடமும் கேட்டேன். அவர், "அது நல்ல கருவாடு," என்றார்.

ஆகவே, நிரோசாவை அனுப்ப இருந்தது அப்பாவுக்கு அப்போது தெரியுமா என்பதை நான் அறியேன். தொடக்கத்திலேயே எனக்கொரு கட்டுத் தாள் வாங்கித் தரப்பட்டிருந்தால் நான் சித்தியடைந்திருப்பேனா என்பதையும் அறியேன். அந்தக் கேள்வியை அவர் தம்மைத்தாமே எப்போதேனும் கேட்டுக்கொண்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.