தாகிலின் பிரம்பு

பாக்தாத் பந்தயத் திடலில் என் பெரியப்பா மகன் தாகிலைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் தயார் செய்த குதிரைகள் ஜெயித்த மாதிரி வேறு எவனுடையதும் ஜெயித்ததில்லை. அவனிடம் வேலை பார்த்து அடி வாங்காத ஆளும் கிடையாது. இரண்டும் உண்மை. எனக்கு முன்பல் ஒன்று இல்லை. குதிரைத் தீவனம் ஈரமாக இருந்ததற்கு அவன் கொடுத்த பரிசு அது.

ஆனால் குதிரையை ஒருநாளும் அடிக்கமாட்டான். இனி தேறாது என்று மற்றவர்கள் கைகழுவிய குதிரைகளை ஓட்டிவந்து, காலுக்குக் களிமண்ணும் வினிகரும் அப்பி, கையால் பேரீச்சம்பழம் ஊட்டி, ஆறே மாதத்தில் முதலாவதாகக் கொண்டுவருவான். பிரம்பு எங்களுக்குத்தான். நானும் பதினேழு வருடம் அதைப் பொறுத்துக்கொண்டு அவன் லாயத்திலேயே கிடந்தேன், மானங்கெட்டவன்.

ஸஹ்பா என்ற பெட்டைக் குதிரை ஓடவேண்டிய வெள்ளிக்கிழமை, அதை ஓட்டும் முஹன்னத் தாமதமாக வந்தான்.

"என்னடா மாப்பிள்ளை, ஊர்வலம் முடிஞ்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான் தாகில்.

"சோதனைச்சாவடியில ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்சுட்டாங்க, உஸ்தாத். நான் என்ன பண்ண?"

எதிர்த்துப் பேசினால் தாகிலுக்குப் பிடிக்காது. பிரம்பு இறங்கியது. முஹன்னத் வலது கையால் தடுத்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வேறு ஆள் தேட நேரமில்லை. குதிரைக் காலுக்குச் சுற்றும் துணியை எடுத்துத் தாகிலே அவன் கையில் இறுக்கிக் கட்டினான். "ரெண்டு நிமிஷ ஓட்டம்தான். தாங்குவே" என்றான். முஹன்னத் வெளிறிப்போய்த் தலையாட்டினான்.

ஆயிரத்து இருநூறு மீட்டர் வரை ஸஹ்பாதான் முன்னால் போனது. கடைசி வளைவில் அது உள்பக்கம் சாய்ந்தது. ஒற்றைக் கையால் அவனால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. விழுந்தவன் மேல் பின்னால் வந்த ஏழு குதிரைகளும் ஏறிப்போயின. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவன் முகம் முகமாக இல்லை, மூச்சும் இல்லை. உடம்பு முழுக்க நொறுங்கிக் கிடந்ததால் மணிக்கட்டு எப்போது உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் துணியை அவிழ்த்து எறிந்தது நான்தான்.

பந்தயம் கட்டித் தோற்ற ஆத்திரத்தில் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. தாகில் கத்தினான்: "என்னை ஏன்யா பாக்குறீங்க? அவன் விலைபோயிட்டான்! வேணும்னே கடிவாளத்தை இழுத்தான், விழுந்தான்!" சாயங்காலத்துக்குள் எல்லாத் தேநீர்க்கடையிலும் இதே பேச்சு.

நாலாம் நாள் நடுப்பகலில் முஹன்னத்தின் அண்ணன்மார் இரண்டு வண்டியில் வந்து லாயத்தை நோக்கிச் சுட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு வா என்று அழைக்கும் முறை எங்களிடம் அதுதான்; சுவரைப் பார்த்துச் சுடவேண்டும். ஒரு குண்டு என் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. தாகில் ஓடி வந்தான், என்னைத் தாண்டிக்கொண்டு ஸஹ்பாவைப் பார்க்க.

அவர்கள் குலத்துக் கூடாரத்தில் இருபது பேர் உட்கார்ந்தோம். எங்கள் பெரியவர்கள் போன உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் ரத்தப்பணம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். செங்கல் சூளையில் வெந்து கறுத்த மனிதர், முஹன்னத்தின் அப்பா ஸப்தி, கையைக் காட்டி நிறுத்தினார்.

"பணம் வேணாம். குதிரையும் வேணாம். எம் புள்ள விலைபோனான்னு அப்பாஸ் மேல சத்தியம் பண்ணு, தாகில். பண்ணிட்டா எந்திரிச்சுப் போயிடுறேன். எம் பசங்க உன்னைத் தொடமாட்டாங்க."

ஆண்டவன் மேல் சந்தையில் பத்துத் தடவை பொய்ச்சத்தியம் பண்ணுகிறவர்கள்தான் நாங்கள். அவன் பொறுப்பான். தர்காவில் அடங்கிய எங்கள் மகான் அப்பாஸ் கோபக்காரர், பொறுக்கமாட்டார். ஆனால் உண்மையைச் சொன்னால் அது கொலை, சுற்றிலும் துப்பாக்கிகள். நான் தாகில் காதில் சொன்னேன்: "பண்ணித் தொலை அண்ணே. பாவம் என் தலையில."

தாகில் கையை உயர்த்தினான். "அப்பாஸ் மேல..." என்றான். நின்றுவிட்டான். உயர்த்திய கையை இறக்கினான்.

"அவன் கை ஒடிஞ்சிருந்தது. நான்தான் ஒடிச்சேன். ஒடிஞ்ச கையோட ஏத்திவிட்டேன். அவனை யாரும் விலைக்கு வாங்கல."

அண்ணன்மார் துப்பாக்கியோடு எழுந்தார்கள். ஸப்தி அவர்களை உட்காரச் சொன்னார். தாகில் பக்கம் திரும்பினார்.

"இங்க சொன்னா இருபது பேருக்குத்தான் கேக்கும். வெள்ளிக்கிழமை திடல்ல வந்து சொல்லு. உசிரு உனக்கு."

வந்தான். இரும்பு வேலி மேல் ஏறி நின்று, ஒன்றுவிடாமல் சொன்னான். முதலில் ஒரு செருப்பு பறந்தது, பிறகு பாட்டில்கள், பிறகு ஆட்கள். கீழே இழுத்துப்போட்டு விலாவிலும் வாயிலும் மிதித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். பயம் என்று சொல்லமாட்டேன். என் மனசில் ஒரு ஓரம் குளிர்ந்தது.

ஸப்தி கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனார். தாகிலைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"விடுங்கய்யா, இன்னொரு தடவை சொல்லட்டும்" என்றார். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

தாகில் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.