பல்லக்காவின் வாய்

மைதானத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் பல்செட் செய்வது அவளுடைய வேலை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டி, முகம் தெரியாத மனிதர்களுக்குச் சிரிப்பு செய்து அனுப்புவாள். ஐந்தரைக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடைப்பந்துத் திடலில் நிற்பாள். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவள்தான். முழங்கால் மக்கர் செய்ததும் ஆடுவதை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனாள்.

அணியின் கேப்டன் லிஃப்ட் மெக்கானிக். ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு, ஆனால் பந்து அவள் கையில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். உயரத்துக்கு ஆள் பல்லக்காவின் நாத்தனார். தபால் நிலையத்தில் வேலை. அவள் நிமிர்ந்து நின்றால் கவுன்ட்டர் கண்ணாடிக்கு மேலாகவே வாடிக்கையாளரோடு பேசலாம்.

அந்த வருஷம் இறுதித் தொடருக்கு வந்தார்கள். மொத்தம் ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தால் கோப்பை. முதல் இரண்டையும் ஊதித் தள்ளினார்கள். அடுத்த மூன்றையும் வரிசையாகக் கோட்டைவிட்டார்கள். எதிரணி மருந்துக் கம்பெனிப் பெண்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவர்களுக்கு ஜோசியம் தெரிந்துவிட்டது போலிருந்தது. பந்து எங்கே போகப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நின்றார்கள். பல்லக்கா ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு எண் வைத்துக் கத்துவாள். எண்களை மாற்றிப் பார்த்தாள், எண்களுக்குப் பதிலாகக் காய்கறிப் பெயர்களைக் கத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

தோற்ற வாரம் முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு முன்பல் இருக்கவேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல்லை வைத்துவிட்டாள். யாரோ அணியின் ரகசியத்தை வெளியே சொல்கிறார்கள் என்று ஒரு சந்தேகம். நாத்தனாருக்கு வேகம் குறைந்துவிட்டதோ என்று இன்னொரு சந்தேகம். இதை வீட்டில் சொன்னால் பூகம்பம் வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணியையே வீட்டுக்குக் கூப்பிட்டாள். கடைசி மூன்று ஆட்டங்களையும் செல்போனில் வீடியோ எடுத்தது அவள் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். கூடைப்பந்து பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், பந்து கூடைக்குள் விழுந்தால் கைதட்ட வேண்டும் என்பது மட்டும். சோபாவில் நான்கு பேரும் தரையில் ஐந்து பேருமாக உட்கார்ந்தார்கள். டிவியில் வீடியோ ஓடியது.

திரை முழுக்கப் பல்லக்கா. பல்லக்கா நிற்கிறாள், நடக்கிறாள், இடுப்பில் கைவைக்கிறாள். தூரத்தில் யாரோ ஓடும் சத்தம் கேட்கிறது. அணியில் ஒருத்தி, பந்து எங்கே என்று மெல்லக் கேட்டாள். கணவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, பந்து பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, இவள்தான் ஒரு இடத்தில் நின்றாள், எடுக்க வசதியாக இருந்தது என்றான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் ஒரு மனுஷனுக்கு இந்த ஆசை இருக்கிறதே என்று நாத்தனார் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பல்லக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. டிவியை அணைக்க எழுந்தாள்.

கணவன்தான் தடுத்தான்.

"கொஞ்சம் இரு. இதை நானே கேக்கணும்னு இருந்தேன். நீ ஏன் அப்பப்போ சும்மா மெல்லுற?"

"நானா? நான் எங்க மென்னேன்?"

"பாரேன். ரெண்டு மெல்லு மெல்லுற, உடனே பந்து நம்ம தங்கச்சி கைக்குப் போகுது. தலையைச் சாய்ச்சு ஒத்தக் கண்ணைச் சுருக்குற, உடனே யாராச்சும் மூலையிலேர்ந்து எறியுறாங்க. எந்தப் புள்ள வாந்தி எடுக்கப் போகுதுன்னு வேன் கண்ணாடியில மூஞ்சியப் பாத்தே சொல்றவன் நான். இதுவா தெரியாது?"

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். பல்செட்டின் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது தன் தாடையையும் சேர்த்து அசைப்பது அவளுடைய தொழில் பழக்கம். பல் வரிசை பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாள். இருபது வருஷப் பழக்கம் திடலுக்கும் கூடவே வந்துவிட்டது. அவள் காய்கறிப் பெயரைக் கத்துவதற்கு முன்பே அவள் வாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வீடியோவின் ஓரத்தில் எதிரணிப் பயிற்சியாளரும் தெரிந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. கண்கொட்டாமல் பல்லக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது பல்லக்காவேதான். நாத்தனாரைச் சந்தேகப்பட்டதை அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒப்புக்கொண்டாள். நாத்தனார் தலையணையை அண்ணியின் மேல் எறிந்தாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இனி என்ன செய்வது என்று யோசித்தார்கள். வேலையில் போடும் மாஸ்க்கையே போட்டுக்கொள்வதாகப் பல்லக்கா சொன்னாள். வேண்டாம், அவர்கள் பார்த்து ஏமாறட்டும் என்றாள் கேப்டன். பொய்யாக மென்று காட்டட்டுமா என்று பல்லக்கா செய்தும் காட்டினாள். பல்வலிக்காரி போல இருந்தது, குழந்தைகூட நம்பாது.

"அக்கா, நீங்க நடிக்க வேணாம்," என்றாள் கேப்டன். "நெஜமாவே யோசிங்க, நெஜமாவே மெல்லுங்க. ஆட்டத்தை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க. நீங்க மென்னா நாங்க வேற எதையாச்சும் பண்றோம்."

ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. ஆனாலும் விழுங்கினாள். அடுத்த பத்து மாதமும் பயிற்சியில் திட்டம் சொல்வது கேப்டனின் வேலையானது. நாத்தனார் பந்து வந்ததும் எறிவதை விட்டு, இரண்டு பேர் தன்னை வளைத்தால் பந்தை வெளியே தருவதற்குப் பழகினாள். பல்லக்கா ஓரமாக நின்று, பேசத் துடிக்கும் நாக்கை அடக்கப் படாதபாடு பட்டாள்.

மறு வருஷமும் இறுதித் தொடரில் அதே மருந்துக் கம்பெனிதான். முதல் ஆட்டத்தில் பல்லக்கா மென்றதும் எதிரணியில் மூன்று பேர் நாத்தனாரை நோக்கிப் பாய்ந்தார்கள். பந்து மூலைக்குப் போனது. அவள் கண்ணைச் சுருக்கியதும் மூலைக்கு ஓடினார்கள். நாத்தனார் கூடைக்கடியில் தன்னந்தனியாக, வேலைவெட்டி இல்லாதவள் போல நின்று போட்டாள். பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

கணக்கு டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் கணக்கைப் பிடித்துவிட்டார். பல்லக்கா மென்றால் மூலைக்குப் போங்கள் என்று தன் பெண்களிடம் சொன்னார். நான்கு புள்ளியில் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் கேப்டன் அதையும் திருப்பிப் போட்டாள். அக்காவின் வாய் சொன்னதையே அப்படியே செய்து ஜெயித்தார்கள். டீச்சர் வெறுத்துப்போய், நான்காவது ஆட்டத்துக்குத் தன் நாற்காலியையே திருப்பிப் போட்டுப் பல்லக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அன்று தந்திரம் எதுவும் மிச்சமில்லை, வெறும் ஆட்டம்தான். கடைசி எட்டு நொடியில் இரண்டு பக்கமும் சமம். பந்தைத் தட்டிக்கொண்டே கேப்டன் பல்லக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே யோசனை கேட்டாள். பல்லக்காவுக்கு ஒரு யோசனையும் வரவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றாள். கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பந்தை நாத்தனாருக்குத் தள்ளினாள். இரண்டு பேர் வளைத்தார்கள். போன வருஷமாக இருந்தால் நாத்தனார் எம்பியிருப்பாள். இந்த முறை பந்தைக் கேப்டனுக்கே திருப்பிக் கொடுத்தாள். ஐந்தடிக்குக் குறைவான அந்தப் பெண் தூரத்திலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தை இரண்டு சுற்று சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

பல்லக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சிரிப்பும் விடவில்லை. டீச்சர் வந்து, நாற்காலியைத் திருப்பியதுதான் தப்பு, கடைசியில் உன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டேனே என்று அங்கலாய்த்துக்கொண்டு அவளைத் தூக்கிவிட்டார்.

எல்லோரும் பள்ளிக்கூட வேனில் ஏறினார்கள். குழந்தைகள் உட்காரும் இருக்கை என்பதால் நாத்தனாரின் முழங்கால் மோவாயை இடித்தது. கோப்பைக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்து பெல்ட்டும் மாட்டினார்கள். ஒரு பாட்டை ஆளுக்கொரு ராகத்தில் பாடினார்கள். வீட்டுக்குத் திரும்பும் ரவுண்டானாவை வேன் நான்கு முறை சுற்றியது. இறங்க வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.