சைகோன் பாயின் வாட்ச்

போன மாதம் சென்னையில் ஒரு பளபளப்பான கடைத்தொகுதிக்குள் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வாட்ச் கடைக் கண்ணாடிக்குள் கைக்கடிகாரம் ஒன்றைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகுப் பக்கமும் கண்ணாடி. உள்ளே அரைநிலா மாதிரி ஒரு தகடு. விற்கிற பையன் என் வேட்டியையும் செருப்பையும் நோட்டம் விட்டுவிட்டு, "ஹேண்ட்மேட் சார், ஒரே ஃபேமிலி செய்யறது" என்றான். விலை கேட்கத் துணிச்சல் வரவில்லை. "தெரியும் தம்பி, செஞ்சியில பாத்திருக்கேன்" என்றேன். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

நான் சொன்னது உண்மைதான். அறுபதுகளில் எனக்குச் செஞ்சியில் வாத்தியார் வேலை கிடைத்தது. சொந்த ஊர் அனந்தபுரம் பக்கம். வாடகைக்கு இடம் தேடி அலைந்தபோது, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, "நேத்துதான் வேற ஆளுக்கு உட்டுட்டோம்" என்று சொன்னவர்களே அதிகம். சைகோன் பாய் ஒருவர்தான் தெருவைக் கேட்கவில்லை. "பீடி புடிப்பியா வாத்தியாரே? புடிச்சா வெளிய போயி புடி" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. வாசலை ஒட்டிய அறை எனக்குக் கிடைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.

வியட்நாமில் சைகோன் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர் என்பதால் அந்தப் பெயர். மகளைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி ஜுலைகா அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அவர் பக்கத்தில் போனால் அத்தர் வாசனை. வலது மணிக்கட்டில் தங்க வாட்ச். நல்லதெல்லாம் வலது கைக்குத்தான் என்பார்.

வாட்சில் ஊருக்குத் தெரிந்த கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. சுவிஸ் நாட்டில் மலையடியில் ஒரு குடும்பம், அப்பன் சக்கரம் அறுப்பானாம், மகன் பூட்டுவானாம், மருமகள் முகப்பில் எண் எழுதுவாளாம். வேலைக்கு வெளியாள் கிடையாது. தன் கடைக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் ஒருவர் மூலம் சொல்லிவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியதாகப் பாய் சொல்வார். ரேடியோவில் மணி சொல்லும்போது எல்லோரும் வாட்சைத் திருத்துவார்கள். பாய் ரேடியோவைப் பார்த்து, "இன்னிக்கு கரெக்டா சொல்லிட்டான்" என்பார்.

அந்த வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம். கை அசைந்தால் போதும், அந்த அசைவையே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். இது எனக்கு நம்பவே முடியாத அதிசயமாக இருந்தது. செஞ்சியில் அந்நாளைய கல்யாண போட்டோக்களைக் கவனித்தால் ஒரு சங்கதி தெரியும், பாதி மாப்பிள்ளைகளின் கையில் ஒரே வாட்ச். கேட்கிறவர்களுக்கெல்லாம், ஜாதி மதம் பார்க்காமல், கல்யாண நாளுக்குக் கழற்றிக் கொடுப்பார். "சாவி குடுக்காத, கைய ஆட்டு, ஓடும்" என்று சொல்லி அனுப்புவார். ஒரு மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்ததில், நரம்புத் தளர்ச்சி போலிருக்கிறது என்று பெண் வீட்டார் முகூர்த்தத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். பாய் ஓடிப்போய் விளக்கம் சொல்லித் தாலி கட்ட வைத்தார்.

ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வந்த ரிப்பேர்காரர் அதன் முதுகைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அரைநிலாத் தகடு தொட்டில் போல ஆடியது. மூடி போட்டால் யார் கண்ணிலும் படாத இடத்தில் மயிரிழைக் கோடுகளாகப் பூவேலை, நகக்கண்ணிலும் சின்னதாய்ச் சிவப்புக் கற்கள். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த செஞ்சி ராஜகிரிக் கோட்டையை நான் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. இதிலிருந்து தலையை எடுக்கவே மனசு வரவில்லை. "யாரு பாக்கப் போறாங்கன்னு உள்ள இவ்ளோ செஞ்சான் பாய்?" என்றேன். "செஞ்சவன் பாத்தான் இல்ல" என்றார்.

அடுத்த ஐப்பசியில் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கையை யாராவது அசைத்துக்கொடுத்தபடியே இருந்தால் உயிர் வரலாம் என்றார் டாக்டர். பாய் யாரையும் கையை அசைக்க விடவில்லை. இரண்டொரு நாளில் கையில் இருந்த வாட்சும் நின்றது. அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், கஞ்சியைக்கூட ஒதுக்கினார். ஆள் தேறமாட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஜுலைகா அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி வாட்சை நீட்டினார். "தம்பி, நீ இத போட்டுக்கினு பள்ளிக்கூடம் போயிட்டு வா. சாயங்காலம் அவரு கையில கட்டிட்டு ஓடுதுன்னு காட்டுறேன். கை அசையுதுன்னு நெனச்சிக்கட்டும்."

வாழ்க்கையில் முதன்முதலாக வாட்ச் கட்டினேன், அதுவும் அதை! கரும்பலகையில் அன்றைக்குப் போல நான் என்றுமே எழுதியதில்லை, கை தன்னால் பெரிது பெரிதாக வீசியது. சாயங்காலம் வாட்ச் அவர் கைக்குப் போனது. பாய் அதன் முள்ளை வெகுநேரம் பார்த்தார். அன்று கஞ்சி குடித்தார். துடைத்து விடுகிற சாக்கில் காலையில் கழற்றுவதும், மாலையில் கட்டுவதுமாக எங்கள் நாடகம் நடந்தது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பேய்மழை பிடித்து ஏரி உடைந்து, பஸ் ஓடவில்லை. அங்கே வாட்ச் நின்றிருக்கும், பாய் பார்த்திருப்பார் என்று நினைத்து நினைத்து, பஸ் வருகிறதா என்று ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஒருவழியாக வழி திறந்து வந்து சேர்ந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

பாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றார். நாக்கு குழறியது. "தெனம் வாச்சுல சாக்பீஸ் தூளு ஒட்டிக்கினு வருது, எனக்குத் தெரியாதா? பாவம், ரெண்டு பேரும் இவ்ளோ பாடுபடறீங்க. நீ வர்றதுக்குள்ள நின்னுட்டா அவ அழுவா. அதான் ஆட்டிக்கினே இருக்கேன்."

டாக்டர் சொன்னதை அவர் அறியாமலே செய்திருக்கிறார். அந்த வாரமே விரல்கள் மடங்கின. தை பிறந்தபோது பாய் வலது கையால் என் தோளைத் தட்டினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் நன்றாக இருந்தார். இப்போது அந்த வீடும் இல்லை, அந்தத் தெருவில் என்னை அடையாளம் தெரிந்தவர்களும் இல்லை. வாட்ச் பாயின் மகள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

பாய் மவுத்தான அன்று, குளிப்பாட்டுவதற்கு முன் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கூடத்து மாடத்தில் வைத்தேன். அடக்கம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், அது ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக அவர் கை அசைந்த அசைவு அதற்குள் இன்னும் தீரவில்லை. நிற்கவிடக்கூடாது என்று எடுத்துக் கட்டிக்கொள்ளப் போனேன்.

"உடு தம்பி" என்று ஜுலைகா அம்மாவின் குரல் உள்ளிருந்து வந்தது. "நீ கட்டுனா அது உன் கை. அவரு கை ஓடி முடியட்டும்."

யாரும் தொடவில்லை. மறுநாள் மதியம் கூடத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது அது நின்றது.