பூதக்கண்ணாடிப் பட்டாளத்துக்கு நான் காட்டிக்கொடுத்த உளவாளி

என் அப்பா எதிரி நாட்டு உளவாளி என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் கூரியரில் வந்த ஒரு தடித்த புத்தகம் அதைக் கிளறிவிட்டது. தொண்ணூறுகளில் மாதாமாதம் வந்த 'பூதக்கண்ணாடிப் பட்டாளம்' என்ற சிறுவர் துப்பறியும் வரிசையை யாரோ ஒரு புண்ணியவான் தொகுப்பாக மறுபதிப்பு செய்திருக்கிறார். பிரித்ததும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போனேன். ஏன் என்று சொல்கிறேன்.

பட்டாளம் மெட்ராஸில் அச்சாகி, ரயில் பார்சலில், மராத்தி பேசும் ஊரான எங்கள் கட்கிக்கு வரும். ஸ்டேஷன் வாசலில் பேப்பர் ஏஜெண்ட் முருகேசண்ணன் சணல் கயிற்றை அறுத்ததும் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே முதல் ஆளாக நிற்பேன். ஒரு பிரதி எங்கள் குவார்ட்டர்ஸில் பத்து வீடு சுற்றும். பெரியவர்களும் விடமாட்டார்கள். ஊரிலிருந்து மிக்சர் சுற்றி வந்த காகிதத்தையே நீவிப் படிக்கிற கூட்டம் நாங்கள்.

அப்பாவுக்கு வெடிமருந்து ஆலையில் வேலை. வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் நுழையும்போதும் பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஞாயிறுதோறும் லோக்கல் ரயில் ஏறிப் பக்கத்து ஊரான கசார்வாடிக்குப் போக ஆரம்பித்தார். திரும்பும்போது முழங்கையில் சிராய்ப்பு, துணியில் கிரீஸ், லேசான நொண்டல். பைகளைக் காட்டுவதும் நின்றுபோயிற்று.

"எங்கப்பா போறீங்க?"

"சும்மாதான்டா."

அம்மாவிடம் கேட்டேன். "ஒனக்கு என்ன? போய்ப் படி," என்றாள். ஆக, அவளும் உடந்தை.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் 'நீங்களும் துப்பறியுங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. வாசகர்கள் அனுப்பும் நிஜத் துப்புகளில் சிறந்ததைப் பெயர், ஊரோடு அடுத்த புத்தகத்தில் போடுவார்கள். அப்பாவின் பெயர், ஆலை, கிரீஸ் கறை எல்லாம் எழுதி, 'மேலும் நொண்டுகிறார்' என்று முடித்துத் தபாலில் போட்டேன். நாட்டுப்பற்றைத் தவிர வேறு நோக்கமில்லை. என் பெயர் அச்சில் வரும் என்பது தற்செயல்.

அடுத்த ஞாயிறு, வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அப்பா. பின்னால், கசார்வாடியில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர், உயிர் தப்பிய முகத்துடன்.

"இங்க கத்துக்கிட்டா விழறதப் பாத்து குவார்ட்டர்ஸே சிரிக்குமாம்," என்றார் நண்பர். "என் பட்டறைச் செவுத்துல முட்டாத எடமில்ல ஒங்கப்பன்."

அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு பைகளை இழுத்துக் காட்டினார். காயத்துக்குப் போடும் களிம்பு விழுந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது. அடுத்த புத்தகம் வந்தால் இந்த மனிதர் பத்து வீட்டிலும் உளவாளி. ஆலைக்குத் தெரிந்தால் வேலை என்னாகும்? கடைசித் தாள்களை அறுத்தெடுத்துவிடும் திட்டத்தோடு, சட்டைப் பையில் பிளேடுடன் ஸ்டேஷனே கதியென்று கிடந்தேன்.

"இன்னாடா தெனம் வர்றே?" என்றார் முருகேசண்ணன். "அரே, அது இனிமே வராது. கம்பெனியே பந்த், மூடிட்டான்."

நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். முந்தைய கதையில் 'தொடரும்' போட்டு நிறுத்திய மரகதத் திருடன் யாரென்று இனித் தெரியவே தெரியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அழுதேன்.

முருகேசண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். ஸ்கூட்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் என் துப்பு இல்லை. முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது: பதிப்பகம் மூடியபோது பிரிக்காமல் கிடந்த வாசகர் கடிதங்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்கள். அதில் என்னுடையது எந்த ஊர் மிக்சரைச் சுற்றிப் போனதோ.