சமாதானத்தின் வலது கை

என் அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் சமாதானம். நகராட்சி உறுப்பினராக இருந்தவர். பெரிய தலைவர் ஒன்றுமில்லை. கட்சி மேடையில் அவருக்குக் கிடைத்த நாற்காலி எப்போதும் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால்தான். ஆனால் எங்கே இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும், "சமாதானத்தைக் கூப்பிடு" என்பார்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடி யார் சுவரைத் தாண்டியது, சாக்கடைக் குழாய் யார் வாசல் வழியாகப் போவது என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். இரண்டு பக்கமும் கத்தி ஓயும்வரை வாயைத் திறக்க மாட்டார். பிறகு, "சரி, இப்ப ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்பார். தண்ணீர் குடித்துவிட்டு அதே சுருதியில் கத்த யாராலும் முடியாது.

அவர் சட்டைப் பை எப்போதும் புடைத்திருக்கும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "அந்தப் பையில என்னங்க, கான்ட்ராக்டர் குடுத்ததா?" என்று கேட்டாராம். அப்பா எடுத்து மேசைமேல் வைத்தார். ஜெபமாலை. கேட்டவரே சிரித்துவிட்டார். மாதா கோயிலில் காலைப் பூசை காணாமல் அவர் நகராட்சிப் படி ஏறியதில்லை. "சாமியாராப் போக வேண்டிய ஆளு, வழி தவறி அரசியலுக்கு வந்துட்டாரு. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று அம்மா கேலி செய்வாள். அப்போதெல்லாம் அம்மா அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டிப் போகிறது. பாதையைக் கடக்கும் கேட்டை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மூடினால் அந்தப் பக்கத்துக் கடைகள் படுத்துவிடும். திறந்திருந்தால் இந்தப் பக்கத்துத் தெருக்களில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும். விஷயம் அவ்வளவுதான். இதற்காகக் கடைகளை எரித்தார்கள். நேற்றுவரை கடன் சொல்லிச் சாமான் வாங்கிய கடைகளை.

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அந்தப் பக்கத்துக் கறிக்கடையில் ஃப்ரீசர் நின்றுபோனது. அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். "வர்றேன்னு சொல்லிட்டேம்மா. கறி கெட்டுப்போயிடும்" என்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். கேட்டைத் தாண்டும்போது தலையில் கல் விழுந்தது. எறிந்தவன் பழைய இரும்புக் கடைக்காரரின் மகன். பார்த்தவர்கள் பலர். அப்பா போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

நான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஓர் ஊசி போடுவோம். இழுப்பது தெரியும், வலி தெரியாது. அண்ணனைக் கொண்டுவந்து கிடத்திய நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் இருந்தது. வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அழவில்லை. இவளுக்கு என்ன கல்நெஞ்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

பேச்சுவார்த்தை நகராட்சிக் கூட்ட அறையில் நடந்தது. இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்தார் ஒரே பிடியாக நின்றார்கள்: எல்லாப் புகார்களும் திரும்பப் பெறப்பட வேண்டும், ஒன்று நின்றாலும் ஒப்பந்தம் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். எரிந்த கடைக்கும் உடைந்த கண்ணாடிக்கும் தலையாட்டுவது எளிது. கடைசியாக எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஜெபமாலையை வெளியே எடுத்து, இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வீட்டுப் பையன் சாகக் கூடாதுன்னுதான் போட்டேன். நீயே யோசிச்சுப் பாரு…"

"எனக்குச் சமாதானம் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

பல வருஷத்துக்கு, அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வாக்கியம் அது. சண்டை ஓய்ந்தாலும் சமாதானம்தான், சாக்குச் சொன்னாலும் சமாதானம்தான், அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாலும் சமாதானம்தான். நம் ஆட்கள் இத்தனைக்கும் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டதற்கு என்ன காரணமோ, எனக்கு அதன்மேல் எரிச்சல்.

கேட் திறந்தே இருப்பதென்று முடிவாயிற்று. அதற்கப்புறம் ஊரில் ஒரு கல்லும் பறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார். மகனை விற்றவர் என்று எங்கள் தெருவே பேசியது. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வெளியே வந்த இரும்புக் கடைக்காரரின் மகன் கேட்டை ஒட்டி டயர் கடை போட்டான். அப்பா சைக்கிளுக்கு அங்கேதான் காற்றடிப்பார். "ஊர்ல வேற கடையே இல்லையாப்பா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நான் வேற கடைக்குப் போனா எல்லாரும் பாப்பாங்கம்மா" என்றார். அவன் கடைக்குப் போய்விட்டு வந்தால் இரவு சாப்பிட மாட்டார். அதை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம்.

வீட்டில் நான் தபால்காரி ஆனேன். "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." அப்பா கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார், இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தபால் செல்லாது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்குச் சற்று முன், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பங்குச்சாமியார் சொல்வார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்க வேண்டும். அம்மா அப்பாவின் வலப் பக்கம், நான் இடப் பக்கம். அப்பா வலது கையை அம்மா பக்கம் கொஞ்சமாக நீட்டுவார். அம்மா மறுபக்கம் திரும்பி, பெஞ்சின் கோடியில் உட்காரும் தையற்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். நீட்டிய கை சும்மா நிற்கக் கூடாதென்று நான் எட்டிப் பிடிப்பேன். வருஷக்கணக்காக இதுதான். அப்பாவுக்கு அந்தக் கை கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னதில்லை. சனிக்கிழமை மாலையே நகம் வெட்டி வைத்துக்கொள்வார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வலது கைதான் போயிற்று. அசைக்க வரவில்லை, தொட்டால் தெரியவுமில்லை. கொதிக்கிற பாத்திரத்தில் அந்தக் கை பட்டுத் தோல் உரிந்ததைக்கூட அம்மாதான் கவனித்தாள். "உங்கப்பா கையைப் பாரு. வெந்து கெடக்கு, அவருக்குத் தெரியலே." மருந்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதன்பின் அப்பா உட்கார்ந்தபடியே பூசை கண்டார். அம்மாவும் முழங்கால் வலி என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு ஞாயிறு, சாமியார் சமாதானம் சொல்லச் சொன்னதும் அப்பா என் பக்கம் திரும்பி இடது கையைக் கொடுத்தார். வலது கை பெஞ்சின்மேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. அம்மா அதன்மேல் தன் கையை வைத்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள். அப்பா முன்பக்கம் திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அப்பாவைத் தாங்கிக்கொண்டு பின்தங்கி நடந்தேன். அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா உங்க கையைப் புடிச்சாங்க. வலது கையை."

அவர் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்றியா?"

"வலிக்காது வலிக்காதுன்னு தினமும் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கறவதான் நான். இது பொய் இல்லப்பா."

"விடும்மா" என்றார். ஊரையெல்லாம் நம்ப வைத்தவரை என்னால் நம்ப வைக்க முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் போனபின் எனக்கு ஏதாவது ஒன்று வந்ததே பெரிது.

அடுத்த ஞாயிறு அப்பா பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தார். அது தையற்காரம்மாவின் இடம். "என்ன சமாதானம், என் எடத்தைப் புடிச்சிட்டீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தம்மா பின் பெஞ்சுக்குப் போனார். அம்மா எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். இப்போது அவள் அப்பாவின் இடப் பக்கம். உணர்ச்சி இருக்கிற கையின் பக்கம். நான் சொன்னதை அவர் முழுதாகத் தள்ளிவிடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேரம் வந்தது. அப்பா இடது கையை நீட்டினார். முன்பு மாதிரிக் கொஞ்சமாக அல்ல, முழுதாக.

அம்மா அதைப் பார்த்தாள். தொடவில்லை. சுற்றிலும் எல்லோரும் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்காக வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அம்மா குனிந்து, அந்தக் கையைத் தாண்டி, அவர் மடியில் கிடந்த வலது கையைத் தூக்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டது இந்தக் கைதானே" என்றாள். அவரிடமே சொன்னாள்.

"ஆமா" என்றார் அப்பா.

அடுத்த பாட்டு முடியும்வரை அவள் விடவில்லை. அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பீடத்தைப் பார்க்கவில்லை.

கோயிலுக்கு வெளியே வந்ததும் கேட்டேன். "தெரிஞ்சுதாப்பா?"

"இல்லம்மா" என்றார். "பாத்தேன்."