தண்ணீர் கேட்காத கார்

நான் தேயிலை பாக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். எந்தச் சாமானையும் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் நம்புவேன். லயத்து வீடுகளில் யாராவது பேய்க் கதை சொன்னால், 'விடிஞ்சா வேலைக்குப் பெரட்டு, போய்ப் படுடா' என்று விரட்டிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன். நம்பாவிட்டால் போங்கள். என் மனைவி கருப்பம்மா இருக்கிறாள், பெரியாயி அக்கா இருக்கிறார். கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் அந்த வளைவைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அதுவே சாட்சி.

1962, டிசம்பர். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம்.

எங்கள் முதல் பிள்ளை, பிரசவத்துக்குக் கொண்டுபோகும்போது லொறியிலேயே செத்தது. தேயிலைப் பெட்டி ஏறின பிறகுதான் ஆள் ஏறலாம் என்றார்கள். பெட்டிகளை ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம். பண்டாரவளைக்கு வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை அவள் முழுகாமல் இருந்தபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் இளையதம்பி ஐயா என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனுசன். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"இஞ்ச பார் கந்தப்பன். பிள்ளை குறுக்கால கிடக்குது. வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணும். லயத்தில வச்சிருந்தியெண்டா ரெண்டு உயிரும் போகும். வயித்துக் குத்து எழும்பினா ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள பதுளையில நிக்கவேணும். விளங்குதே?"

விளங்கியது. என்னிடம் ஒரு காரும் இருந்தது. ஓடாத கார்.

தன் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் பாக்டரிக்குப் பின்னால் விட்டுப்போன ஜெர்மன் கார் அது. ஆமை மாதிரி முதுகு. எஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீரே கிடையாது. ரேடியேட்டர் இல்லை. ஒரு பெல்ட் காற்றாடியைச் சுற்றும், அந்தக் காற்றிலேயே எஞ்சின் குளிரும். முன்மூடியைத் திறந்தால் ஸ்பேர் டயரும் பெட்ரோல் டாங்கியும்தான். அவர் போகுமுன் கேட்டேன், எடுத்துக்கோ என்றார். எஞ்சினின் ஒரு பக்கத்துச் சிலிண்டரை மூடுகிற ஹெட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அது ஒன்றுதான் குறை. அந்த ஒன்றுதான் எங்கும் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் இறுக்கிவிட்ட காலம். கொழும்புக்கு எழுதினேன். ஆறு மாதமாகும் என்று பதில் வந்தது. பிள்ளைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பதுளையில் ஒருவன் வெள்ளி வர்ணம் பூசிய ஹெட்டைக் காட்டிப் புதுச் சாமான் என்றான். சுரண்டினேன். வர்ணத்துக்குக் கீழே வெடிப்பு. பண்டாரவளையில் ஒருவன் பித்தளை ஊற்றி ஒட்டியதைக் கொடுத்தான். ஸ்பேனரால் தட்டினேன். பொத்துப் பானை போலச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட வீட்டில் இருக்கவில்லை. நடந்தேன், பஸ்ஸில் போனேன், லொறிக்காரன் காலைப் பிடித்தேன்.

கடைசியில் பெரகல சந்தியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த மர்ஸூக் நானா ஒரு சாக்கைப் பிரித்தார்.

உள்ளே ஹெட்.

தட்டினேன். சுத்தமான சத்தம். வால்வு உட்காரும் இடத்தில் தேய்மானமே இல்லை. ஓடாத வண்டியின் சாமான் போல இருந்தது. அந்த வண்டியின் காற்றாடி பெல்ட் மட்டும் அறுந்துபோயிற்றாம், அது கிடைக்காது என்றார்.

"நானா, இது எந்த வண்டியில கழட்டினது?"

"சாமான் நல்லமா?"

"நல்ல சாமான்தான்."

"அப்ப கொண்டு போங்க. சரித்திரம் என்னத்துக்கு ஒங்களுக்கு?"

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவசரக்காரனுக்கு எங்கே காது?

மூன்று மாலை வேலை செய்து மாட்டினேன். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. பெல்ட்டுக்குப் பாக்டரி மெஷினின் பழைய தோல் பட்டையை அறுத்து நானே இரண்டு தைத்துக்கொண்டேன். ஒன்று ஓட, ஒன்று கைவசம்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக...

மறுநாள் காலை, காரின் முன்மூடி திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து கம்பியை இழுத்தால்தான் அது திறக்கும். கதவோ பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்.

அதற்கடுத்த நாளும் திறந்து கிடந்தது. அன்று பெட்ரோல் டாங்கியின் மூடியைச் சுற்றி ஈரம். ஐந்து விரல் ஈரம். யாரோ திருகிப் பார்த்திருக்கிறான். லயத்துப் பயல்கள் பெட்ரோல் திருடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. டாங்கியில் பெட்ரோல் குறையவில்லை.

டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை. மாலை 5.20க்கு வலி எழும்பியது. 5.35க்குக் கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் வலப்பக்கம் பெரியாயி அக்கா. அடுத்த வீட்டுக் காம்பராக்காரி, ஆறு பெற்றவர். நடுவில் கருப்பம்மா. இடப்பக்கம் காலி. எனக்குப் பக்கத்துச் சீட்டில் துணி மூட்டை.

"ஆமை மேல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போற மொத ஆளு நீதாண்டி" என்று அக்கா கருப்பம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "இவனைப் பாரு. எஞ்சினைப் பின்னாடி வச்ச வண்டியத் தேடிப் புடிச்சிருக்கான். இவனுக்கும் மூளை அங்கதான் இருக்கும்."

கருப்பம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மழை இல்லை. மூடுபனி. விளக்குப் போட்டும் பத்து முழத்துக்கு மேல் தெரியவில்லை. பண்டாரவளைக்கு முந்திய ஏற்றத்தில் ஒரு கொண்டை வளைவு. வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் பள்ளம். அடியில் எங்கேயோ ஓடை.

6.22. ஸ்டியரிங்குக்கு எதிரே சிவப்பு லைட் எரிந்தது.

பெல்ட் அறுந்துவிட்டது. காற்றாடி நின்றால் இந்த எஞ்சினுக்கு ஐந்து நிமிட உயிர்தான். உடனே நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பின்னால் போய் மூடியைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது.

"என்னப்பா?" என்றார் அக்கா.

"பெல்ட்டு. கால் மணி நேரம்."

"அவளுக்கு வலி நெருங்குதுடா..."

நட்டைக் கழற்றுகிறேன். அப்போதுதான் கேட்டது.

டங்... டங்...

தகர டின் கல்லில் இடிக்கும் சத்தம். பள்ளத்துப் பக்கமிருந்து. மேலே ஏறி வருகிறது.

6.30. ஒருவன் ரோட்டில் ஏறி நின்றான். இடுப்பில் சாரம், கை வைத்த பனியன். உச்சி முதல் கால் வரை நனைந்திருந்தான். கையில் ஒரு கேலன் டின். வாய் வரை தண்ணீர்.

"அண்ணே, தண்ணி கொண்டாந்திருக்கேன்."

செடிக்கு மருந்துத் தண்ணி அடிக்கிற தோட்டத்து ஆள் என்று நினைத்தேன்.

"வேணாம்ப்பா. இது தண்ணி குடிக்காத வண்டி."

"சூடாயிருச்சுண்ணே. ஊத்தினா ஓடும்."

"வேணாங்கிறேன்ல. போப்பா."

காருக்குள்ளிருந்து அக்கா கத்தினார். "தண்ணியா வச்சிருக்க? இங்க ஒரு வாய் குடு தம்பி, புள்ளைக்கு நாக்கு வறளுது!"

அவன் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இது வண்டிக்கு."

பனிக்குள் போய்விட்டான். பள்ளத்துப் பக்கம்.

பெல்ட்டைப் புல்லிச் சக்கரத்தில் ஏற்றினேன். வழுக்கியது. மறுபடி ஏற்றினேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் பக்கம் பாதை கிடையாது. நேர்ச் சுவராக அறுத்த பள்ளம். ஆடு கூட ஏறாது.

டங்... டங்... டங்...

6.41.

மறுபடியும் அவன்தான். அதே டின். அதே வாய் வரை தண்ணீர். பதினொரு நிமிடத்தில் ஓடைக்கு இறங்கி ஏற யாரால் முடியும்? அவன் சாரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே பார்த்தேன்.

அவன் நின்ற இடத்தில் ரோடு காய்ந்திருந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினையும் பார்க்கவில்லை. நேரே காரின் முன்பக்கம் போனான்.

'டக்'...

முன்மூடி தானாகத் திறந்தது.

ஓடினேன். அவன் பெட்ரோல் டாங்கி மூடியின் மேல் கை வைத்திருந்தான். திருகினான்.

புரிந்துவிட்டது. லொறிக்காரன்! லொறியில் எஞ்சின் முன்னால். மூடியைத் திறந்தால் ரேடியேட்டர் வாய். இவனுக்கு அந்த வட்ட மூடி ரேடியேட்டர். பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் கார் அங்கேயே செத்தது. என் மனைவியும்தான்.

பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் அந்த மூடியை அமுக்கிக்கொண்டேன். அவன் விரல்கள் என் கைக்குக் கீழே இருந்தன.

ஐஸ்.

"தொறங்கண்ணே. அவளுக்கு முடியல."

"யாருக்கு?"

"தொறங்கண்ணே..."

அழுதான். பெரிய ஆம்பிளை, பிள்ளை போல அழுதான். எனக்கு என்ன தோன்றியதோ... மூடியை விடாமல், "ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினான்.

என் கை மேலே. முழங்கை வரை. குளிர் எலும்பில் ஏறியது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கேலன் டின்னில் அவ்வளவு தண்ணீர் இருக்காது.

நின்றது.

"போகுமாண்ணே?"

"போகும்."

"அவளையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

நிமிர்ந்தேன். ஆள் இல்லை.

இடப்பக்கக் கதவு திறந்து மூடியது. என் கண் முன்னால். காரின் பின்பக்கம் தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. ஆள் பாரம். எனக்குத் தெரியாதா?

6.52. ஸ்டார்ட் பண்ணினேன். பிடித்தது.

கொஞ்ச தூரம் போனதும் கருப்பம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா... ஏன் என் ரெண்டு கையையும் புடிச்சிருக்க?"

"நான் ஒரு கையத்தானடி புடிச்சிருக்கேன்."

...

பதுளை வரை யாரும் இடப்பக்கம் திரும்பவில்லை.

8.17. ஆஸ்பத்திரி வாசல். வெளிச்சம். தள்ளுவண்டியோடு ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் ஓடிவந்தான். இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, சீட்டைச் சாய்த்தேன். அவன் உள்ளே குனிந்து பார்த்தான். திரும்பி உள்ளே கத்தினான்.

"இன்னொரு வண்டி கொண்டா! ரெண்டு பேரு!"

முதலில் அவன் கைத்தாங்கலாக யாரையோ இறக்கினான். மெதுவாக. முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து. எங்களுக்கு அவன் கை மட்டும்தான் தெரிந்தது. தள்ளுவண்டியில் படுக்கவைத்தான். தள்ளிக்கொண்டு போனான்.

அடுத்த வண்டியில் கருப்பம்மா.

9.05க்கு வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தள்ளுவண்டி ஆள் என்னைத் தேடி வந்தான்.

"உங்களோட வந்த மத்தப் பொம்பள எங்க?"

"இந்த அக்காதான்."

"இந்தக் கிழவி இல்ல. வயித்துப் புள்ளக்காரி. ஒரு நிமிசம் திரும்பினேன், காணோம்."

தாழ்வாரத்தில் அந்த முதல் தள்ளுவண்டி நின்றது. வெறுமையாக. விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

அடுத்த ஞாயிறு பெரகலைக்குப் போனேன்.

"நானா. இப்ப சரித்திரத்தைச் சொல்லுங்க."

மர்ஸூக் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைப் பலகையைப் போட்டு மூடினார்.

"மூணு வருசமாகுது. கீழத் தோட்டத்து லொறி டிரைவர். தொர ஊர்ல இல்லாத நேரம் பொண்டாட்டிக்கு வலி வந்தீக்கு. தொரட புதுக் காரை எடுத்துக்கிட்டு வந்தீக்கான். அந்த ஏத்தத்துல பெல்ட் அறுந்து சூடாகி நின்னுட்டு. அவனுக்குத் தெரிஞ்சது லொறிதானே. தண்ணி இல்லாம நின்னுட்டுன்னு நெனைச்சான். காலையில ஆக்கள் பாக்கக்கொள்ள, முன்மூடி தொறந்து கெடந்திச்சு. பெட்ரோல் டாங்கி நெறைஞ்சு வழியுது, அவ்வளவும் தண்ணி. ஒரு டின் ரெண்டு டின் இல்ல. எட்டுப் பத்துத் தரமாவது அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறியீக்கணும். கடைசித் தரம் ஏறல்ல. ஓடையில கெடந்தான், டின்னோட."

"அவ?"

"பின்சீட்டுல. எடப்பக்கம். வயித்துப் புள்ளையோட மௌத்தாகிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்லியே, பாவம்."

ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டாள். டிசம்பர் 18, இரவு 8.17.

கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.